நூல் நுனியில் ஒரு வளையம்

கொட்டாஞ்சேனை,
13 ஜனவரி 1939, வெள்ளி.

என் அருமை மகள் ஹபீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் இந்த எழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் மேடு ஏறும், பள்ளம் இறங்கும். சில எழுத்து தேசிக்காய் அளவு, சில எழுத்து எள் அளவு. பேனாவை ஊன்றியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துபோனது. ஆனாலும் மகள், இது உன் வாப்பா ஸஹாப்தீனின் கை. யாரும் எழுதித் தரவில்லை.

இதுவரை எனக்காக எழுதியதும், உன் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டியதும் முன்கடைக் கணக்குப்பிள்ளை. “நான் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்” என்பதற்கு அப்பால் அவருடைய பேனா போகாது. பிற மனிதரை வைத்துக்கொண்டு நானும் மனதில் உள்ளதை எப்படிச் சொல்வது? அவர் வேலை மாறிப் போன பிறகு, பக்கத்து வீட்டுச் சவுந்தரநாயகம் மாஸ்டரிடம் போய் நின்றேன். “ஊசிக்கண்ணில நூல் கோக்கிற ஆளுக்கு எழுத்து என்ன பெரிய காரியமோ? சிலேட்டை எடும்” என்றார். பெரிய காரியம்தான். ‘ஞ’ என்ற எழுத்து வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

நான் சிறு வயதிலேயே குர்ஆன் ஓதப் பழகியவன். ஆனால் ஓதும்போது பொருள் தெரியாது. தமிழ் அப்படியில்லை, வாசிக்க வாசிக்கவே விளங்குகிறது. இந்த ஆச்சரியத்தை யாரிடம் சொல்வேன். ட்ராம் வண்டியில் போகும்போது கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு போகிறேன். கண்டக்டர், “நானா, எல்லாக் கடையிலயும் எறங்கப் போறீங்களா?” என்று கேட்டான்.

தையல் கடையில் நாற்பது வருஷமும் நூலில் முடிச்சுப் போட்டுத்தானே அளவு வைத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நூல். கழுத்துக்கு ஒரு முடிச்சு, நெஞ்சுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு. நூலின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நீ நிற்பாய். என் முடிச்சுகளை வாசிக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான். இனிமேல் எனக்கு நூல் தேவையில்லை. எழுத்து வந்துவிட்டது.

நம் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. மருமகன் ஷரீபுக்குப் பதுளையில் துணிக்கடை என்பதால் உன்னை அனுப்ப வேண்டியதாயிற்று. உம்மா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். நீ சுகமா? சாப்பிடுகிறாயா? மருமகனுக்கு என் சலாம் சொல்.

விரல் மடங்கவில்லை. அடுத்த கிழமை எழுதுவேன்.

துஆவுடன்,
வாப்பா.


பதுளை,
22 ஜனவரி 1939.

அன்புள்ள வாப்பாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நான் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறேன். வாப்பாவின் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வாப்பாவின் எழுத்தைக் கண்டு அழுதுவிட்டேன். உங்கள் மருமகன் அவர்கள்தான் கடிதத்தைப் பிரித்து வாசித்துவிட்டு உள்ளே கொண்டுவந்து தந்தார்கள். கோழி கிண்டியது போல இருக்கிறது என்று சிரித்தார்கள். வாப்பா கோபிக்க வேண்டாம். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. கிழிந்த இரண்டு இடத்தையும் தடவிப் பார்த்தேன்.

பள்ளிவாசல் பேச்சு, தெருப் பேச்சு எல்லாம் எழுதுங்கள். இங்கே யாரோடும் கதைக்க நேரம் இல்லை. கடையில் வேலை செய்பவர்களுக்கும் நான்தான் சமைக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தையும் அவர்கள் பார்த்துவிட்டுத் தபாலில் போடுவார்கள்.

தங்கள் மகள்,
ஹபீலா.


கொட்டாஞ்சேனை,
3 பெப்ரவரி 1939, வெள்ளி.

அன்பு மகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது. நான் நல்ல சுகம். மழையில்லாததால் முழங்கால் கூடச் சொன்னபடி கேட்கிறது.

பள்ளிப் பேச்சு கேட்டிருந்தாய். பெரிய பேச்சே இருக்கிறது. ஆணிக்கடை ஸவாஹிரின் மூத்த மகள் ஜவாஹிறாவை உனக்கு ஞாபகம் இருக்கும். மருதானையில் கட்டிக் கொடுத்தது. அவளுடைய கல்யாணச் சட்டையைக்கூட நான்தான் தைத்தேன். அந்தப் பிள்ளை புருஷனோடு கோபித்துக்கொண்டு வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று மாதமாகத் திரும்பிப் போக மாட்டேன் என்கிறது.

புருஷன்காரன் பள்ளியில் முறையிட்டான். வழக்குத் தீர்க்கிற மத்திச்சம் மஜீட் ஹாஜியார் ஊரில் வயதான நாலைந்து பேரைக் கூப்பிட்டார். இந்தத் தடவை என்னையும் கூப்பிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டதால் மதிப்புக் கூடிவிட்டது போல. அந்தப் பொடியன் அத்தர் பூசி, வெள்ளைத் தொப்பி போட்டு, இரண்டு சாட்சிகளோடு வந்து அடக்கமாகப் பேசினான். “நான் ஒரு குறையும் வைக்கல்ல. ஊட்டுக்கு அனுப்பிவெக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான்” என்றான். கண் கலங்கியது அவனுக்கு.

என்னிடமும் கேட்டார்கள். நான் சொன்னேன்: “தைச்ச துணியைப் பிரிச்சா, துணி கைக்கு வரும், தையல் தடம் போகாது. பொம்புளப் புள்ள சபூர் செய்யணும், பொறுத்துப் போகணும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். மஜீட் ஹாஜியார், “ஸஹாப்தீன் நானா ஒரு வார்த்தையில வழக்கை முடிச்சிட்டார்” என்றார்.

தீர்ப்பு இதுதான். மகளை அனுப்பி வைக்கும் வரை ஸவாஹிரின் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரார் போவதில்லை. பள்ளிக் கந்தூரி விருந்தில் அவரோடு ஒரு சஹனில் யாரும் உட்காருவதில்லை. உனக்குத் தெரியும், ஒரு தாம்பாளச் சோற்றை ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து தின்னும் நமக்கு, தனியாக ஒரு சஹனின் முன் உட்காருவது எவ்வளவு பெரிய தண்டனை என்று. சீக்கிரம் புத்தி வந்துவிடும்.

நீ சமையல் வேலையில் கஷ்டப்பட்டாலும் பொறுமையாக இருப்பதை நினைத்து எனக்குப் பெருமை. அங்கேயும் அதைத்தான் சொன்னேன். “எம்புள்ளையைப் பாருங்க, ஒரு முறைப்பாடு ஈக்கிதா?” என்று கேட்டேன்.

கடிதம் நீண்டுவிட்டது. மாஸ்டர் பார்த்தால் இவ்வளவு மை எதற்கு என்பார். அடுத்த கிழமையும் எழுதுவேன்.

வாப்பா.


பதுளை,
5 மார்ச் 1939.

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

வாப்பா கிழமை தவறாமல் எழுதிய கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. உடனே பதில் எழுத முடியவில்லை. கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்போது சுகம்.

ஜவாஹிறாவின் வழக்கை வாசித்தேன். அவர்களும் வாசித்தார்கள். தீர்ப்பை மிகவும் மெச்சினார்கள். உன் வாப்பா எழுதப் படிக்கத் தெரியாமலே இவ்வளவு நியாயம் தெரிந்தவர் என்று சொன்னார்கள். அந்தத் துணி, தையல் பேச்சை என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிக் காட்டினார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஜவாஹிறாவை யாராவது கேட்டீர்களா? பள்ளிக்குப் பெண்கள் வர முடியாது என்பது சரி. வீட்டுக்குப் போய், அவளுடைய உம்மாவை வைத்துக்கொண்டாவது கேட்டிருக்கலாம் அல்லவா? சும்மா கேட்கிறேன். வாப்பா வேறு விதமாக நினைக்க வேண்டாம்.

எனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்ப முடியுமா? இங்கே பதுளையில் குளிர். கையை மணிக்கட்டு வரை நீட்டி வையுங்கள். அளவுக்கு நூல் வைத்திருக்கிறேன். வாப்பாவின் முறைப்படியே முடிச்சுப் போட்டேன். அவர்கள் நூலைப் பார்த்து இது என்ன விளையாட்டு என்று கேட்டார்கள். வாப்பாவின் பழைய பழக்கம் என்றேன்.

ஹபீலா.


கொட்டாஞ்சேனை,
17 மார்ச் 1939, வெள்ளி.

அன்பு மகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தாய். என்ன சுகவீனம் என்று எழுதவில்லையே. கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் கடிதத்தை மாஸ்டர் முன்னாலேயே வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. “ஸஹாப்தீன், நீர் இனிப் பேப்பரும் வாசிக்கலாம்” என்றார். அன்றைக்கு முழுவதும் தரையில் கால் படவில்லை.

நூலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்த வாப்பாவுக்கு இன்னும் நூலா? அளவை எழுத்தில் எழுதியிருக்கலாமே. அதுவும் சரியாக அளக்கவில்லை. நெஞ்சு அளவு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அளவு. இடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னிடம் வளர்ந்தவள் இப்படி அளக்கலாமா? நூலைச் சுற்றி வைத்ததும் ஒழுங்கில்லை. நுனி சுருண்டு வளையமாக இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து நேராக்கினேன். உன் கல்யாண நூல் என்னிடம் இருக்கிறது. அந்த அளவுக்கே வெட்டுகிறேன். நீ கேட்டபடி கை நீட்டித்தான். நம் பெண்களுக்கு அதுவே அழகு.

ஜவாஹிறாவைக் கேட்டோமா என்றாய். கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை, அவளுக்காக அவள் வாப்பா வந்திருந்தார். அவர், “எம்மகள் போமாட்டேன்டு சொல்லுது, நான் என்ன செய்ய” என்றதோடு வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன்.

அடுத்த கிழமை சட்டையோடு எழுதுவேன்.

வாப்பா.


பதுளை,
26 மார்ச் 1939.

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

நான் சுகம்.

நூலில் இருந்த அளவு சரியான அளவுதான். கல்யாண நூலுக்கு வெட்ட வேண்டாம்.

நூலை நான் ஒழுங்காகத்தான் சுற்றி வைத்தேன்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. வாப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹபீலா.


கொட்டாஞ்சேனை,
7 ஏப்ரில் 1939, வெள்ளி.

அன்பு மகள் ஹபீலாவுக்கும் மருமகன் ஷரீபுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் இருவரும் வாசிக்கும் கடிதம் என்பதால் இருவருக்கும் எழுதுகிறேன்.

நேற்று ஆணிக்கடை ஸவாஹிரின் வீட்டுக்குப் போனேன். பெப்ரவரிக்குப் பிறகு அந்தப் படியில் ஏறிய முதல் ஆள் நான்தானாம். ஸவாஹிர் வாசலில் நின்று, “தீர்ப்புச் சொன்ன ஆக்கள் வந்தா, கதிரை போடுறதா, பாய் போடுறதா? எனக்கு முறை தெரியாது” என்றார். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவரே பாயைக் கொண்டுவந்து போட்டார்.

ஜவாஹிறா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். நான் தைத்த சட்டை எனக்குத் தெரியாதா? அவளுடைய கல்யாணச் சட்டை. தோளில் இருந்து நாலு விரல் இறங்கித் தொங்கியது. நெஞ்சில் இரண்டு பேர் நுழையலாம். நான் அந்தச் சட்டையை முழங்கைக்குத்தான் தைத்தேன். அவள் வேறு துணி ஒட்டுப் போட்டு மணிக்கட்டு வரை நீட்டியிருந்தாள். ஏப்ரில் வெயிலில் கொழும்பு அடுப்பு மாதிரி எரிகிறது.

“ஏன் மகள் கையை நீட்டித் தைச்சீக்கிறீங்க?” என்று கேட்டேன்.

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா தலையை அசைத்தாள். ஜவாஹிறா ஒட்டுத் துணியை முழங்கை வரை மடித்துக் காட்டினாள். ஐந்து மாதமாகியும் அந்தத் தடங்கள் ஆறவில்லை. தேத்தண்ணீரை நான் குடிக்கவில்லை.

“என்னை ஒருத்தரும் கேக்கல்லியே மாமா” என்றாள் அந்தப் பிள்ளை.

ஹபீலா, உன் சட்டையை வெட்டாமல் வைத்திருக்கிறேன். கையை நீட்டித் தைக்க எனக்கு மனம் வரவில்லை. நூலின் நுனியை அவிழ்த்தது என் பிழை. நானே வந்து நேரில் அளவெடுக்கிறேன்.

வாப்பா.


பதுளை,
16 ஏப்ரில் 1939.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் ஷரீப் எழுதுவது. ஸலாம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் இந்த வயதில் எழுத்துக் கற்றதை இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வருகிறேன்.

ஹபீலா சுகமாக இருக்கிறாள். வீட்டு வேலை அதிகமானதால் அவளுக்கு இனி எழுத நேரம் இராது. சட்டைக்காகத் தாங்கள் சிரமப்பட்டு ரயில் ஏற வேண்டாம். என் கடையில் இல்லாத துணியா? இங்கேயே தைத்துக்கொள்வோம்.

மருதானைப் பெண்ணின் விஷயம் குடும்பப் பெண்களுக்கு எழுதும் விஷயம் அல்ல என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். முதலில் தாங்கள் சொன்ன தீர்ப்பே சரியானது. ஊர் ஏற்றுக்கொண்ட ஒரு வார்த்தையைப் பெரியவர்கள் மாற்றிச் சொல்வது அழகல்ல.

தங்கள் மருமகன்,
ஷரீப்.


கொட்டாஞ்சேனை,
12 மே 1939, வெள்ளி.

மதிப்புக்குரிய சவுந்தரநாயகம் மாஸ்டருக்கு, உங்கள் கிழட்டு மாணவன் ஸஹாப்தீன் எழுதிக்கொள்வது.

யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் நீங்கள் சுகமா? பேரப்பிள்ளைகள் சுகமா? உங்கள் வீட்டுக் கதவைத் தினமும் பார்த்துக்கொள்கிறேன். மல்லிகைக்குத் தண்ணீர் விடுகிறேன்.

நீங்கள் இல்லாத நேரத்தில் நடந்ததை எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூலைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தைத்துக் கொடுத்த துணி உடம்புக்குப் பொருந்தாவிட்டால் நூலின் நுனியில் ஒரு வளையம் போடுவேன். ‘இது கடைக்குத் திரும்பி வர வேண்டும்’ என்று அதற்கு அர்த்தம். எனக்கும் என் மகளுக்கும் மட்டுமே தெரிந்த அர்த்தம். அந்த வளையத்தைத்தான் அவள் போட்டு அனுப்பினாள். அவளுடைய கடிதம் முழுவதையும் புருஷன் வாசித்தான். அவனால் வாசிக்க முடியாத ஒன்றே ஒன்று அந்த நூல். எழுதப் படிக்கப் பழகிய பெருமையில் நானும் அதை வாசிக்கவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன், மாஸ்டர். அளவு பிழை என்று அவளையே ஏசி எழுதினேன். தடக்காமல் வாசிக்கிறேன் என்று உங்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தியதும் அந்தக் கடிதத்தைத்தான்.

மருமகன் வர வேண்டாம் என்று எழுதியதும் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறிவிட்டேன்.

பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடை நிறைய ஆட்கள். ஷரீப் இடுப்பில் உடுத்தும் சாரம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “மாமா, சொல்லாமக் கொள்ளாம வந்தீக்கிறீங்க?” என்றார்.

“எழுதினேனே மகன். எல்லாக் காயிதமும் நீங்கதானே வாசிக்கிற” என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “புள்ளைக்கு அளவெடுக்க வந்தேன். கொழும்புக்குக் கூட்டிட்டுப் போய் உடம்புல வெச்சுப் பார்த்துத் தைக்கணும். தூரத்துல ஈந்து தைச்சா பிழைக்குது” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவ்வூர்ப் பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பை சாரம் வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். “பாவம், வயசாளி நூலோட வந்தீக்கிறார். ரெண்டு கிழமைக்கு அனுப்புங்க தம்பி. உங்களப் போல நல்ல மனுஷர் மறுப்பீங்களா?” என்றார். ஊரார் முன்னால் நல்ல மனுஷராக இருக்க வேண்டியதாயிற்று அவருக்கு. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் ஒரு பிள்ளையை உள்ளே அடைத்து வைக்கும் என்பது எனக்குத் தெரியும். கதவைத் திறந்து விடவும் அதற்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

உள்ளே போனேன். அரிசிப் பெட்டிக்குப் பூட்டு. சாவி மருமகனின் இடுப்பில். ஹபீலா அடுப்புக்கு முன்னால் எழுந்து நின்றாள். அளவெடுக்க நூலை எடுத்தவன் எடுக்காமலே மடித்து வைத்தேன். அவள் அனுப்பிய நூலில் ஒரு பிழையும் இல்லை.

“அவிழ்த்திட்டீங்களே வாப்பா” என்றாள்.

“கண் தெரியல்ல மகள்” என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். நாவலப்பிட்டியில் வடை வாங்கிக் கொடுத்தேன். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். கேட்டதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். அப்போதுதான், மாஸ்டர், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இனி மற்றப் பேச்சு. பள்ளியில் மீலாத் கந்தூரி நடந்தது. முற்றத்தில் வரிசையாக ஒவ்வொரு சஹனையும் சுற்றி ஆறு ஆறு பேர். ஓரத்தில் ஆணிக்கடை ஸவாஹிர் ஒரு சஹனின் முன் தனியாக. மலை போல் சோறு. அவர் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வராமல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு கந்தூரிக்கும் வருகிறார். வராமல் விட்டால் மகளைக் குற்றவாளி என்று தானே ஒப்புக்கொண்டது போலாகும் என்று பின்னர் சொன்னார்.

நான் போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

மஜீட் ஹாஜியார் அங்கிருந்தே கூப்பிட்டார். “நானா, இங்கால வாங்க, எங்கட சஹன்ல இடம் ஈக்கிது. தீர்ப்பு மறந்து பெய்த்தா?”

“மறக்கல்ல ஹாஜியார். பிழைச்சிட்டுது.”

“தைச்ச துணியைப் பிரிச்சா தடம் போகாதுண்டு சொன்னது நீங்கதானே?”

“ஓம், நான்தான் சொன்னேன். நாப்பது வருஷமா அளவு பிழைச்ச துணியைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுத்தான் நான் சோறு தின்டேன். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். அந்தப் புள்ளையை நாங்க ஒருத்தரும் கேக்கல்ல. கேக்காம அளந்தோம்.”

மஜீட் ஹாஜியார் கெட்ட மனிதர் அல்ல, மாஸ்டர். ஆனால் சொன்ன சொல்லை எடுப்பது அவருக்குப் பல்லைப் பிடுங்குவது போல. “உங்கட மகளும் வந்து நிக்கிதாம். அதனாலயா நானா நியாயம் மாறிட்டுது?” என்று கேட்டார்.

எல்லார் கண்ணும் என் மேல். அந்தக் கேள்விக்கு நான் ரயிலிலேயே பதில் தேடி வைத்திருந்தேன். “ஓம் ஹாஜியார். எம்மகளுக்கு வந்த பொறகுதான் எனக்கு விளங்கினது. அது என்ட வெக்கம். உங்களுக்கு அப்படி வர முந்தி விளங்கட்டும்” என்றேன்.

அவர் தன் சஹனைப் பார்த்துக் குனிந்துவிட்டார். ஆறு பேர் சோற்றை இரண்டு கிழவர்கள் எப்படித் தின்பது? கொஞ்ச நேரத்தில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து எங்களோடு உட்கார்ந்தார். ஏன் வந்தீர் என்று ஸவாஹிர் கேட்டார். “பசிக்குது” என்றார் மோதினார். அவ்வளவுதான். மீதி மூன்று இடம் அப்படியே கிடந்தது.

என் வீட்டையும் இப்போது சிலர் சுற்றிப் போகிறார்கள். ஜவாஹிறா மட்டும் பின்வாசலால் வந்து ஹபீலாவோடு இருந்து கதைக்கிறாள். இரண்டும் என்ன கதைக்குதுகள் என்று தெரியாது. நேற்று உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஹபீலா, கல்யாண வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம் மனுக் கொடுக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நல்ல தாளில் பெயர்த்து எழுத வேண்டும்.

உங்கள்,
ஸஹாப்தீன்.


யாழ்ப்பாணம்,
20 மே 1939.

அன்பின் ஸஹாப்தீனுக்கு, சவுந்தரநாயகம் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம்.

உமது கடிதத்தைத் திருத்தி அனுப்பலாமென்று சிவப்பு மையை எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் மைக்கூட்டை மூடிவிட்டேன்.

மனுவை நீரே எழுதும். என்னிடம் அனுப்ப வேண்டாம். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே போடும், அழகுபடுத்த வேண்டாம். தீர்ப்புச் சொல்பவர்களுக்கு அழகான வசனங்கள் கேட்டுப் பழக்கம். உமது முதல் தீர்ப்பும் அழகான வசனம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

மல்லிகைக்கு மாலையில் மட்டும் தண்ணீர் விடும்.

சவுந்தரநாயகம்.


கொட்டாஞ்சேனை,
9 ஜூன் 1939, வெள்ளி.

மருமகன் ஷரீபுக்கு, ஸஹாப்தீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டுமென்று கேட்கிறேன். உண்மையாகத்தான் கேட்கிறேன்.

என் எழுத்து இன்னும் கோணல்தான். கோழி கிண்டியது போல இருந்தாலும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

இரண்டு கிழமை முடிந்தும் ஹபீலாவை அனுப்பவில்லை என்று மஜீட் ஹாஜியாருக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை அவர் என்னிடம் கொண்டுவந்து தந்தார். பள்ளியில் வைத்து அல்ல, என் வீட்டுக்கே வந்து தந்தார். தந்துவிட்டு, “புள்ளையை ஒருக்காக் கூப்பிடுங்க நானா, என்னண்டு கேப்போம்” என்றார். ஹபீலா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அவர் நெடுநேரம் கேட்டார். எழுந்து போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார்.

ஆகவே உங்கள் முறைப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து தீர்ப்பு வராது. காதியாரிடமிருந்து அழைப்பு வந்திருக்கும். ஹபீலா பிரிவு கேட்கிறாள். மனுவை நான் எழுதினேன், சொற்கள் அவளுடையவை. நீங்கள் வர வேண்டும். அத்தர் பூசி, சாட்சிகளோடு வந்தாலும் சரிதான். உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், நாங்கள் குறுக்கே பேச மாட்டோம். அதன் பிறகு அவளையும் கேட்பார்கள்.

சட்டை தைத்து முடிந்துவிட்டது. நீங்கள் துணி விற்பவர், உங்களுக்கு விளங்கும். நூலில் இருந்த அளவுக்கு வெட்டியது இப்போது நெஞ்சில் இறுக்குகிறது. பிரித்து, உள் மடிப்பில் விட்டிருந்த துணியை எடுத்துத் தைத்தேன். இன்னும் ஒரு தடவை பிரிக்க வேண்டி வரும் போல, இன்ஷா அல்லாஹ். கை முழங்கை வரைக்கும்தான்.

நான் எழுதும் கடிதங்களுக்குப் பதில் தர உங்களுக்கு விருப்பம் இராது. பரவாயில்லை. எனக்கு வேறு வேலை இல்லை, எழுத்தும் வந்துவிட்டது. நீங்கள் பதில் எழுதும் வரை, இல்லையென்றால் காதியார் முன் வந்து நிற்கும் வரை, வெள்ளிக்கிழமை தோறும் உங்களுக்கு ஒரு கடிதம் வரும். கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். தபால்காரன் எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து தரட்டும்.

விரல் மடங்கவில்லை. இத்தோடு நிறுத்துகிறேன். அடுத்த கிழமை எழுதுவேன்.

ஸஹாப்தீன்.